சூட்டு வலியா, இடுப்பு வலியா?

மகப்பேறு தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் பதில் அளிக்கிறார். நிறைமாத வயிறு இறுகி வலிக்கும்போது அது பிரசவ வலிதானா, பிரசவத்தில் முடியாமல் வந்து போகும் சூட்டு வலியா என்று எப்படி அறிவது என்ற ஐயமே இந்த மாதக் கடிதங்கள் பலவற்றிலும் இருந்ததால், அதையொட்டிய ஏழு கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எனக்கு இது தலைப்பிரசவம், 38 வாரம் முடிந்துவிட்டது. கடந்த பத்து நாட்களுக்குள் இரண்டு முறை, நள்ளிரவில் வயிறு கல்லைப் போல இறுகி வலித்ததால் வாடகைக் கார் பிடித்து மருத்துவமனைக்குச் சென்றோம். இரண்டு முறையும் பரிசோதித்துவிட்டு, சூட்டு வலிதான், கர்ப்பப்பையின் வாய் திறக்கவில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை பணியில் இருந்த செவிலியர், 'இதற்கெல்லாமா நடுராத்திரியில் ஓடிவருவது?' என்று கேட்டது மனத்தில் தைத்துவிட்டது. உண்மையான வலி வந்தாலும் கிளம்பத் தயங்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் இருந்தபடியே இரண்டையும் பிரித்தறிய வழி உண்டா?
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் தயக்கத்திற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கர்ப்பப்பையின் வாய் திறந்திருக்கிறதா என்பது உள்பரிசோதனை செய்து பார்த்தால்தான் தெரியும். பார்த்து முடித்த பிறகு 'இது சூட்டு வலி' என்று சொல்வது எளிது. பார்ப்பதற்கு முன்பே அதை நீங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பல ஆண்டுகள் பிரசவ அறையில் நின்றிருக்கும் எனக்கே, வலியோடு வரும் பெண்ணை வாசலில் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடிந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வயிற்றில் கைவைத்துப் பார்த்து, சில மணி நேரம் கழித்து மறுபடியும் பரிசோதித்துத்தான் முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆகவே மூன்றாம் முறையும், தேவைப்பட்டால் நான்காம் முறையும் செல்லுங்கள்.

சூட்டு வலிக்குப் 'பொய் வலி' என்று நாம் வைத்திருக்கும் இன்னொரு பெயரே பாதித் துன்பத்திற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வலியில் பொய் எதுவும் இல்லை. கர்ப்பப்பை மெய்யாகவே இறுகித் தளர்கிறது. ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கர்ப்பகாலம் முழுவதுமே கர்ப்பப்பை இப்படி அவ்வப்போது இறுகித் தளர்வதை 1872இல் விரிவாக எழுதினார். அதனால்தான் மருத்துவர்கள் இதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், வயிற்றில் இருப்பது கட்டியா, கர்ப்பமா என்று ஸ்கேன் இல்லாமல் குழம்பிய அந்தக் காலத்தில், இந்த இறுக்கத்தைக் கர்ப்பத்தை உறுதிசெய்யும் அடையாளமாகவே அவர் எடுத்துக்காட்டினார். பிரசவ நேரத்தில் பெண்களைக் குழப்பும் வலி என்பதற்காகவே இன்று அந்தப் பெயர் நினைவுகூரப்படுகிறது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, வலி எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதில் இல்லை. அந்த இறுக்கம் என்ன வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது. சூட்டு வலியில் கர்ப்பப்பைத் தசை ஆங்காங்கே, ஒழுங்கில்லாமல் இறுகிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பிவிடும். பிரசவ வலியிலோ கர்ப்பப்பையின் மேல்பகுதித் தசை ஒரே சீராக இறுகி, ஒவ்வொரு முறை தளரும்போதும் முன்பிருந்ததைவிடச் சற்றே குறுகிய நிலையில் நின்றுகொள்கிறது. அதனால் கீழ்ப்பகுதி மேல்நோக்கி இழுபட்டு, வாய் முதலில் மெலிந்து பிறகு திறக்கிறது. கழுத்து இறுக்கமான பனியனைத் தலைவழியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் போட்டுக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். இங்கே பனியனின் கழுத்துதான் கர்ப்பப்பையின் வாய், உள்ளே இருப்பது குழந்தையின் தலை.

இந்த வேலை நடக்கிறதா என்பதை வீட்டில் நேரடியாகப் பார்க்க முடியாது என்றாலும், அதன் போக்கைக் கடிகாரத்தை வைத்து ஊகிக்கலாம். ஒரு வலி தொடங்கிய நேரத்தையும் அது அடங்கிய நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வலி எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். ஒரு வலியின் தொடக்கத்திலிருந்து அடுத்த வலியின் தொடக்கம் வரை உள்ள நேரமே இடைவெளி. பலர் முந்தைய வலி முடிந்த நேரத்திலிருந்து எண்ணிவிட்டு, மருத்துவமனையில் தவறான கணக்கைச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு மணி நேரக் குறிப்பில் 12 நிமிடம், 7 நிமிடம், 20 நிமிடம் என்று இடைவெளி தாறுமாறாக இருந்து, வலியும் கூடாமல் இருந்தால் அது பெரும்பாலும் சூட்டு வலியாக இருக்கும். இடைவெளி 10, 8, 7, 5 என்று குறைந்துகொண்டே வந்து, 30 நொடி நீடித்த வலி 45 நொடி, 60 நொடி என்று வளர்ந்தால், உடல் பிரசவத்தை நோக்கிச் செல்கிறது என்று கொள்ளலாம்.

வலியின் அழுத்தத்தை அளக்க, பிரசவ அறைகளில் இளம் செவிலியர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒரு கைப்பழக்கத்தை உங்கள் கணவரோ தாயாரோ கற்றுக்கொள்ளலாம். வலி வரும்போது தொப்புளுக்கு மேலே, வயிற்றின் உச்சிப் பகுதியில் விரல் நுனிகளை வைத்து மெல்ல அழுத்த வேண்டும். மூக்கு நுனியைத் தொட்டால் அமுங்குவதைப் போல அமுங்கினால் இறுக்கம் லேசானது. மோவாயைத் தொட்டதைப் போல இருந்தால் நடுத்தரமானது. நெற்றியைத் தொட்டதைப் போல விரல் உள்ளே செல்லாமல் நின்றுவிட்டால் வலுவானது. இரண்டு வலிகளுக்கு நடுவே வயிறு நன்றாகத் தளர்கிறதா என்பதையும் அதே விரல்களால் பார்க்க வேண்டும். அப்படித் தளராமல் பலகையைப் போலவே இறுகி நின்றால் அது சூட்டு வலியும் இல்லை, சாதாரணப் பிரசவ வலியும் இல்லை; நஞ்சுக்கொடி குழந்தைக்கு முன்பே பிரிவதாக இருக்கலாம் என்பதால், உதிரம் வெளியே தெரியாவிட்டாலும் அந்த நொடியே கிளம்ப வேண்டும்.

சூட்டு வலி பெரும்பாலும் முன்வயிற்றிலேயே நிற்கும். சிறுநீர் கழித்து, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, படுத்திருந்தவர் சற்று நடந்தாலோ, நடந்துகொண்டிருந்தவர் இடப்பக்கமாகப் படுத்தாலோ அடங்கிவிடும். பிரசவ வலி பலருக்குப் பின்இடுப்பில் தொடங்கி முன்பக்கம் சுற்றிவந்து தொடை வரை இறங்கும். நடந்தாலும் படுத்தாலும் அது தன் போக்கில் வளரும். நம் வழக்கில் பிரசவ வலிக்கே 'இடுப்பு வலி' என்று பெயர் வைத்திருப்பது வெறும் இடக்கரடக்கல் அன்று. பார்த்துத் தெரிந்தவர்கள் வைத்த பெயர். ஆனாலும், முன்வயிற்றில் மட்டுமே வலித்துப் பிள்ளை பெற்றவர்களும் உண்டு என்பதால், வலி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு இடைக்காலமும் உண்டு. தலைப்பிரசவத்தில் வாய் மெலிவதற்கே பல மணி நேரம், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். வலி ஒழுங்காக வந்துவிட்டு நின்று, மறுபடியும் தொடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளின்படி, வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே பிரசவம் வேகம் பிடிக்கிறது; அதற்கு முந்தைய தொடக்கக் கட்டத்திற்கு இத்தனை மணி நேரம் என்ற அளவுகோல் கிடையாது. பிரசவ அறையில் 'ஒரு விரல்தான் திறந்திருக்கிறது' என்று சொல்லி அனுப்புவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். உங்களுக்கு நேர்ந்ததும் அதுவாக இருக்கலாம்; அப்படியானால் அந்த இரண்டு இரவுகளின் வலி வீணாகவில்லை.

தலைப்பிரசவம், 37 வாரம் கடந்துவிட்டது, கர்ப்பத்தில் வேறு சிக்கல் இல்லை, மருத்துவமனை அரை மணி நேரத் தொலைவுக்குள் இருக்கிறது என்றால், 5 நிமிடத்திற்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஒரு மணி நேரம் தொடரும்போது புறப்படுவது பொருத்தமாக இருக்கும். உதிரம் போவது, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது, கண் மங்கலுடன் கூடிய கடுமையான தலைவலி ஆகியவற்றில் எது வந்தாலும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். இளஞ்சிவப்பு நிறத்தில் சளி போலச் சிறிது கசிவது மட்டும் இதில் சேராது. அது வாய் இளகத் தொடங்கியதன் அறிகுறி, அதன் பிறகு பிரசவத்திற்குச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாட்களும் ஆகலாம்.

கேள்வி: திருச்சியில் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனையாளராக வேலை செய்கிறேன், 31 வாரக் கர்ப்பம். ஏறக்குறைய பத்து மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டியுள்ளது. கழிப்பறைக்குச் செல்ல ஒவ்வொரு முறையும் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். சில நாட்களாக மாலையில் வயிறு மணிக்கு ஐந்தாறு முறை இறுகுகிறது. இடுப்பும் மந்தமாக வலிக்கிறது. உடன் வேலை செய்யும் அக்காமார், 'சூட்டு வலிதான், மோர் குடி' என்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: விடக் கூடாது. உங்கள் கடிதம் என் கைக்கு வந்த அன்றே, உடனடியாகச் சென்று பரிசோதித்துக்கொள்ளும்படி ஆசிரியர் குழுவின் மூலம் உங்களுக்குத் தகவல் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது உங்களைப் போன்ற நிலையில் உள்ள மற்றவர்களுக்காக.

37 வாரம் நிறைவதற்கு முன்பு 'சூட்டு வலி' என்ற தீர்ப்பை வீட்டில் யாரும், கடையில் யாரும் சொல்லக் கூடாது. பரிசோதித்த மருத்துவர் மட்டுமே சொல்ல வேண்டும். குறைமாதப் பிரசவம் பல நேரங்களில் ஆர்ப்பாட்டமாக வருவதில்லை. மாதவிடாய் நாளில் இருப்பதைப் போன்ற அடிவயிற்று வலி, விட்டுவிட்டு வரும் இடுப்பு வலி, குழந்தை கீழே அழுத்துவதைப் போன்ற கனம், வெள்ளைப்படுதல் திடீரென்று நீர்த்துப்போவது என்று சின்னச் சின்ன மாற்றங்களாகவே அது தொடங்கும். ஒரு மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் வயிறு இறுகினாலோ, இறுக்கத்துடன் இவற்றில் ஒன்று சேர்ந்தாலோ மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உங்களுக்கு இரண்டும் இருக்கின்றன.

இதில் ஏன் இவ்வளவு அவசரம் காட்டுகிறேன் என்றால், சில மணி நேரம் முன்னதாக வருவதால் குழந்தைக்குக் கிடைக்கும் நன்மை மிகப் பெரிது. நியூசிலாந்தைச் சேர்ந்த கிரகாம் லிக்கின்ஸ், ராஸ் ஹவி என்ற இரு மருத்துவர்கள் 1972இல் வெளியிட்ட ஆய்வில், குறைமாதத்தில் பிரசவிக்கவிருக்கும் தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் பக்குவமடைந்து மூச்சுத்திணறல் குறைகிறது என்று காட்டினார்கள். அந்த ஊசி இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் போடப்படுகிறது. அது முழுமையாக வேலை செய்ய ஒன்றிரண்டு நாட்கள் தேவை என்பதால், அந்த அவகாசத்தைப் பெறுவதற்காகவே வலியைத் தள்ளிப்போடும் மாத்திரைகளும் கொடுக்கப்படுகின்றன. மோர் குடித்து மூன்று நாள் பார்த்துவிட்டு வருபவருக்கு அந்த அவகாசம் இல்லாமல் போய்விடும்.

தண்ணீர் குறைந்தாலும், சிறுநீர்ப்பை நிரம்பியே இருந்தாலும் கர்ப்பப்பை அடிக்கடி இறுகும். சிறுநீரை அடக்குவதால் வரும் கிருமித்தொற்றும் அதையே செய்யும் என்பதால், சிறுநீர்ப் பரிசோதனையைத் தவறாமல் செய்யச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. அது கர்ப்பிணிகளுக்கு மட்டுமன்று, எல்லாப் பணியாளர்களுக்கும் உள்ள உரிமை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையாக இருந்து, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்களாவது நீங்கள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் 8 வாரத்தைப் பிரசவத் தேதிக்கு முன்பே எடுக்கலாம் என்பதால், 32ஆவது வாரத்திலிருந்தே நீங்கள் வீட்டில் இருக்கலாம்.

கேள்வி: என் மகள் தலைப்பிரசவத்திற்காக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஒன்பதாம் மாதம். வயிறு வலித்தால் சீரகத்தை வறுத்துக் கஷாயம் வைத்து, வெண்ணெய் சேர்த்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். சூட்டு வலியாக இருந்தால் கேட்டுவிடும், பிரசவ வலியாக இருந்தால் கூடிவிடும் என்று என் மாமியார் சொல்லுவார். தேதி தாண்டினால் விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்லியும் உறவினர் சொல்கிறார்கள். மகள் இரண்டையும் மறுக்கிறாள். தாங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: அம்மா, பாதி உங்கள் பக்கமும் பாதி உங்கள் மகள் பக்கமும் பேச வேண்டியிருக்கிறது. ஒரு டம்ளர் சீரகக் கஷாயத்தால் கெடுதல் இல்லை. அதைக் குடிக்கும்போது உடலுக்கு நீர் சேர்கிறது, குடிப்பதற்காக மகள் வேலையை விட்டுவிட்டு உட்காருகிறாள், வாயுத் தொல்லை இருந்தால் அதுவும் சற்றுத் தணிகிறது; சூட்டு வலி அடங்க இவையே போதுமானவை. அக்னி நட்சத்திர வெயிலில் இந்த வலி அதிகம் வருகிறது என்று பெரியவர்கள் கவனித்துச் 'சூட்டு வலி' என்று சொல்லியிருப்பதிலும் உண்மை இருக்கிறது. உடலில் நீர் வற்றும்போது கர்ப்பப்பை அடிக்கடி இறுகுகிறது.

ஆனால் கஷாயத்தைச் சோதனையாகக் கொள்ளாதீர்கள். பிரசவத்தின் தொடக்கக் கட்ட வலியும் சில நேரம் தானாகவே அடங்கிவிட்டு, நான்கு மணி நேரம் கழித்து மூர்க்கமாகத் திரும்பும். 'கஷாயத்தில் கேட்டுவிட்டது, இது சூட்டு வலிதான்' என்று அதற்குள் வீட்டில் எல்லாரும் தூங்கிப்போயிருப்பார்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும், இடைவெளியைக் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது குடலைக் கலக்கி வயிற்றுப்போக்கை உண்டாக்கும். குடல் முறுக்கும் வேகத்தில் கர்ப்பப்பையும் இறுகும். வாய் பக்குவப்படாத நிலையில் அந்த இறுக்கத்தால் பிள்ளை பிறக்காது. மகள் நீர் வற்றிச் சோர்ந்துபோய், மெய்யான வலி வரும்போது அதைத் தாங்கத் தெம்பில்லாமல் இருப்பாள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள் என்று எண்ணிக் குறித்த தேதி ஒரு மதிப்பீடுதான். அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலரே. தேதி தாண்டினால் மருத்துவரிடம் காட்டி, குழந்தையின் இதயத்துடிப்பையும் பனிநீரின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்; வலி வரவழைக்க வேண்டுமென்றால் அங்கே அளவோடும் கண்காணிப்போடும் செய்வார்கள்.

கேள்வி: சூட்டு வலியில் வயிறு இறுகும்போது குழந்தைக்கு மூச்சு முட்டுமா?
– வாசகி, வேலூர்

பதில்: முட்டாது. இறுகும் நொடிகளில் நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் சற்றுக் குறைந்து, தளர்ந்ததும் பழையபடி பாயும். ஆரோக்கியமான குழந்தை இதை எளிதாகத் தாங்கிக்கொள்ளும். நீங்கள் கவனிக்க வேண்டியது அசைவை. சாப்பிட்டு முடித்து இடப்பக்கமாகப் படுத்து எண்ணும்போது, இரண்டு மணி நேரத்திற்குள் 10 அசைவுகூடத் தெரியவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 'பிரசவம் நெருங்கினால் குழந்தை அசையாது' என்று சொல்லப்படுவது தவறு.

கேள்வி: வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறோம். என் மனைவிக்கு இது இரண்டாவது பிரசவம், 36 வாரம். முதல் குழந்தைக்கு 14 மணி நேரம் வலித்தது. இந்த முறை ஏழாம் மாதத்திலிருந்தே சூட்டு வலி அடிக்கடி வருவதால், எது உண்மையான வலி என்று தெரியாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். 5 நிமிட இடைவெளி வரும்வரை காத்திருக்கலாமா?
– வாசகர், வால்பாறை

பதில்: காத்திருக்க வேண்டாம். 5 நிமிடக் கணக்கு, பக்கத்திலேயே மருத்துவமனை உள்ள தலைப்பிரசவக்காரர்களுக்கானது. முதல் பிரசவத்தில் வாய் மெலிந்த பிறகே திறக்கத் தொடங்கும். இரண்டாம் பிரசவத்தில் மெலிவதும் திறப்பதும் ஒன்றாகவே நடப்பதால், முதல் முறை 14 மணி நேரம் பிடித்த வேலை இந்த முறை அதில் பாதிக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடலாம். இரண்டாம் கர்ப்பத்தில் சூட்டு வலி முன்னதாகவும் அடிக்கடியும் உணரப்படுவது இயல்புதான். இரவெல்லாம் சூட்டு வலி வந்து வந்து போனதால், விடியற்காலையில் வந்ததையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டு வீட்டிலேயே பிரசவித்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் பிரசவக்காரர்களே.

உங்கள் மனைவிக்கு வலி 10 நிமிடத்திற்கு ஒன்றாக, அரை மணி நேரம் ஒழுங்காக வந்தாலே 108ஐ அழைத்துவிடுங்கள். வால்பாறை அரசு மருத்துவமனையிலேயே பிரசவம் பார்க்க முடியுமா, அல்லது இரத்தசோகை, இரத்த அழுத்தம் போன்ற காரணத்தால் பொள்ளாச்சிக்குப் போக வேண்டியிருக்குமா என்பதை இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொள்ளாச்சிக்குத்தான் என்றால், வலி வந்த பிறகு 40 கொண்டை ஊசி வளைவுகளை இறங்குவதைவிட, 37 வாரம் முடிந்ததும் கீழே உறவினர் வீட்டில் போய்த் தங்கிவிடுவது எவ்வளவோ மேல். மலைப்பகுதிகளில் சில அரசு மருத்துவ நிலையங்களில் பிரசவத்திற்கு முன்பே வந்து தங்குவதற்குக் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

வழியிலோ வீட்டிலோ மனைவி 'மலம் கழிக்க வேண்டும் போல இருக்கிறது' என்று சொன்னால் கழிப்பறைக்கு அனுப்பாதீர்கள். குழந்தையின் தலை இறங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். மருத்துவமனை சேரும்வரை பிறந்துவிடக் கூடாது என்று தொடைகளைச் சேர்த்துப் பிடிப்பதை இன்னமும் சில இடங்களில் கேள்விப்படுகிறேன். அது குழந்தைக்கும் தாய்க்கும் பேராபத்து. இடப்பக்கமாகப் படுக்கவைத்து, குழந்தையைத் துடைத்துப் போர்த்தச் சுத்தமான துணிகளைக் கையில் வைத்திருங்கள். 108 வண்டியில் வரும் மருத்துவ உதவியாளர்கள் பிரசவம் பார்க்கவும் பயிற்சி பெற்றவர்கள்.

கேள்வி: 37 வாரம். நேற்றிலிருந்து தும்மினாலும் எழுந்தாலும் உள்ளாடை நனைகிறது, வலி இல்லை. சிறுநீர்தான் என்கிறார் அம்மா. பனிக்குடம் உடைந்தால் குடம் குடமாகக் கொட்டும் என்று சொல்கிறார்களே?
– வாசகி, புதுச்சேரி

பதில்: எல்லாருக்கும் கொட்டாது. மேல்பக்கத்தில் சிறு கீறல் விழுந்தால் பனிநீர் சொட்டுச் சொட்டாகத்தான் கசியும். சிறுநீர் கழித்து, நன்றாகத் துடைத்துவிட்டு, சுத்தமான வெள்ளைத் துணியோ சானிட்டரி நாப்கினோ வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருங்கள். தும்மல், இருமல் இல்லாமலேயே அது நனைந்து, எழுந்து நின்றதும் மறுபடியும் கசிந்தால், பனிநீராக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிறுநீரின் நெடி இருக்காது; நிறமில்லாமலோ வைக்கோல் கழுவிய நீர் போல வெளிறியோ இருக்கும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. துர்நாற்றம் இருந்தால் தொற்று ஏற்பட்டிருக்கிறது. இந்த இரண்டிலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

நிறைமாதத்தில் ஏறத்தாழ 100 பேரில் 8 பேருக்கு வலி தொடங்கும் முன்பே பனிக்குடம் உடைகிறது. 'வலிதான் வரவில்லையே' என்று வீட்டில் இருப்பதில் இரண்டு ஆபத்துகள் உண்டு: நேரம் செல்லச் செல்லக் கிருமி உள்ளே ஏறும், குழந்தையின் தலை இறங்காத நிலையில் நீரோடு தொப்புள்கொடியும் சரிந்து வெளியே வந்துவிடலாம். நீங்கள் நேற்றிலிருந்து என்று எழுதியிருப்பதால், துணி வைத்துச் சோதிக்கும் அரை மணி நேரத்தையும் விட்டுவிட்டு நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதுவரை தாம்பத்திய உறவு வேண்டாம். குளத்திலோ தொட்டியிலோ இறங்கிக் குளிக்கவும் வேண்டாம்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன்பு சிசேரியன் ஆனது. இந்த முறை சுகப்பிரசவத்திற்கு முயலலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். 37 வாரத்தில் இருக்கிறேன். வலி வந்தால் சூட்டு வலியா என்று வீட்டில் எவ்வளவு நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பார்க்கவே வேண்டாம், மேலே மற்றவர்களுக்குச் சொன்ன கணக்குகள் எவையும் உங்களுக்குப் பொருந்தாது. பழைய தையல் உள்ள கர்ப்பப்பையில் பிரசவ வலி வரும்போது, ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குத் தையல் விட்டுப்போகும் வாய்ப்பு இருக்கிறது. அது அரிது என்பதால்தான் உங்கள் மருத்துவர் சுகப்பிரசவத்திற்கு முயலலாம் என்று சொல்லியிருக்கிறார். அப்படி நேர்ந்தால் சில நிமிடங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்பதால்தான் வலியின் தொடக்கத்திலிருந்தே நீங்கள் அறுவை அரங்கு உள்ள மருத்துவமனையில் இருக்க வேண்டும். வலி ஒழுங்காக வரத் தொடங்கியதும் கிளம்புங்கள். இரண்டு வலிகளுக்கு நடுவிலும் தையல் இருக்கும் இடத்தில் வலி நிற்காமல் இருந்தால் ஒழுங்குக்கும் காத்திருக்க வேண்டாம்.

முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டை இந்தக் கர்ப்பத்தின் அட்டையோடு சேர்த்து ஒரே பையில் வைத்திருங்கள். கர்ப்பப்பையில் எந்தத் திசையில் வெட்டினார்கள், எதற்காக அறுவை செய்தார்கள் என்ற விவரங்கள் அதில்தான் இருக்கும். பிரசவ அறைக்குள் நுழைந்ததும், எப்போது வலி வந்தது என்பதைச் சொல்வதற்கும் முன்பாக, முதல் குழந்தை சிசேரியனில் பிறந்தது என்று சொல்லிவிடுங்கள்.